ஆசை குறைஞ்சு போச்சா? சீன மருத்துவம் இதை எப்படிப் பார்க்குது – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதல்லயே சொல்லிடுறேன், நான் டாக்டரும் இல்ல, சின்சேயும் இல்ல (சிங்கப்பூர் மலேசியாவுல சீன வைத்தியரை சின்சேன்னுதான் சொல்லுவோம்). சில வருஷத்துக்கு முன்னாடி இடுப்பு வலிக்கு ஒரு சின்சேகிட்ட அக்குபஞ்சர் ஊசி குத்திக்கப் போனேன். அந்தம்மாவுக்கு எழுபது வயசு இருக்கும், நாடியைப் பிடிச்சுக்கிட்டே "பாதம் சில்லுன்னு இருக்குமா, ராத்திரி எத்தனை தடவை ஒண்ணுக்குப் போக எந்திரிக்கிற, பொண்டாட்டிகூட படுக்க மனசு வருதா"ன்னு ஒரே மூச்சுல கேட்டுட்டாங்க, எனக்கு எங்க பாக்குறதுன்னே தெரியல. இடுப்பு வலிக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு அன்னைக்குப் படிக்க ஆரம்பிச்சதுதான். அப்புறம் கூட்டாளிங்க, கூட்டாளியோட கூட்டாளிங்கன்னு தனியா மெசேஜ் போட்டுக் கேட்டாங்க, பாதிப் பேரு "என் ஃப்ரெண்டுக்காகக் கேக்குறேன்"னுதான் ஆரம்பிப்பாங்க. அந்தக் கேள்விங்கதான் கீழ இருக்கு.

சீன மருத்துவத்துல இதுக்குன்னு தனியா வியாதிப் பேரு இருக்கா?

இருக்கு, ஆனா ஒண்ணு இல்ல. ஆம்பளைங்களுக்கு எழுச்சி வரலன்னா யாங் வெய்னு பழைய பேரு. ஆசையே இல்லன்னா ஷிங் லெங் தான்னு இப்ப சொல்றாங்க, அதை அதிகமா பொம்பளைங்களுக்குத்தான் சொல்லுவாங்க. நம்ம ஆளுங்க இந்த ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கிறாங்க. ஆசை இருக்கு உடம்பு ஒத்துழைக்கலங்கிறது ஒரு விஷயம், உடம்பு நல்லா இருக்கு ஆனா நினைப்பே வரலங்கிறது வேற விஷயம், சின்சே முதல்ல பிரிச்சுப் பாக்குறதே இதைத்தான். அதுக்கும் மேல ஒரு பிரிவு இருக்கு: சத்து இல்லாமப் போனதா, இல்ல சத்து இருந்தும் எங்கயோ அடைச்சுக்கிட்டு நிக்குதா? ரெண்டுக்கும் மருந்து நேர் எதிர். கடையில போயி "பவருக்கு ஏதாவது குடுங்க"ன்னு கேக்குறவன் கோட்டை விடுறது இந்த இடத்துலதான்.

எதுக்கெடுத்தாலும் கிட்னி வீக்குன்னு சொல்றாங்க, எனக்கு கிட்னி கெட்டுப்போச்சா?

இல்ல பாஸ், பயப்படாதீங்க. ஒருத்தர் இதைக் கேட்டுட்டு ராத்திரியெல்லாம் தூங்காம மறுநாள் கிரியேட்டினின் டெஸ்ட் எடுத்தாரு, எல்லாம் நார்மல்.

அவங்க ஷென்னு சொல்றதை நாம கிட்னின்னு மொழிபெயர்க்கிறோம், ஆனா அது ஸ்கேன்ல தெரியிற அவரைக்கொட்டை ஷேப் உறுப்பு மட்டும் இல்ல. இடுப்பு, முட்டி, எலும்பு, காது, தலைமுடி, பிள்ளைப்பேறு, பயம்ங்கிற உணர்ச்சி, எல்லாத்தையும் ஒரே கணக்குல சேர்த்து அதுக்கு ஷென்னு பேரு வச்சிருக்காங்க. "இடுப்புதான் ஷென்னோட வீடு"ன்னு ஒரு பழைய வாக்கே இருக்கு, அந்தம்மா என் இடுப்பைப் பாத்துட்டு படுக்கையைப் பத்திக் கேட்டது அதனாலதான்.

இந்த ஷென்னுல சேமிச்சு வச்சிருக்கிற சாரம் பேரு ஜிங். அதுல ஒரு பங்கு அப்பா அம்மாகிட்ட இருந்து வந்தது, பூர்வீக சொத்து மாதிரி, இன்னொரு பங்கு சாப்பாட்டுலயும் தூக்கத்துலயும் தினம் சேருறது, சம்பளம் மாதிரி. சம்பளம் பத்தாதப்போ சொத்துல கை வைக்க ஆரம்பிப்போம்ல, அப்படித்தான் ராத்திரி 2 மணி வரைக்கும் முழிச்சு வேலை பாக்குறவன் உடம்பும்னு சொல்றாங்க. ஹுவாங்தி நெய்ஜிங்னு 2000 வருஷத்துக்கு மேல பழசான மருத்துவ நூல், மஞ்சள் பேரரசரும் ச்சி போங்கிற வைத்தியரும் பேசிக்கிற மாதிரி இருக்கும், அதோட முதல் அத்தியாயமே இந்தக் கணக்குதான். பொண்ணுங்களுக்கு 7 வருஷத்துக்கு ஒரு கட்டம், ஆம்பளைங்களுக்கு 8 வருஷத்துக்கு ஒரு கட்டம். 14 வயசுல மாதவிலக்கு ஆரம்பம், 28ல உச்சம், 35ல முகம் வாட ஆரம்பிக்கும், 49ல நிக்கும். ஆம்பளைக்கு 16ல ஆரம்பம், 32ல உச்சம், 40ல ஷென் இறங்க ஆரம்பிச்சு முடி கொட்டும், 64 வரைக்கும் ஓடும். அந்த அத்தியாயத்துலயே ஒரு புலம்பல் வேற இருக்கு, இந்தக் காலத்து ஆளுங்க குடிச்சுட்டுப் படுக்கைக்குப் போறாங்க, இருக்கிற ஜிங்கையெல்லாம் கரைச்சுடுறாங்க, அதான் 50 வயசுலயே தளர்ந்துடுறாங்கன்னு. 2000 வருஷமா பெருசுங்க புலம்பல் மாறவே இல்ல.

யாங் குறைவு, யின் குறைவுன்னு சொல்றாங்களே, எனக்கு எதுன்னு எப்படித் தெரியும்?

முழுசா நாமளே முடிவு பண்ண முடியாது, ஆனா ஒரு திசை தெரியும்.

யாங்னா சூடு, அசைவு, அடுப்பு. ரெண்டு ஷென்னுக்கும் நடுவுல மிங்மென்னு ஒரு வாசல் இருக்கு, அங்க எரியிற நெருப்புலதான் உடம்பு மொத்தமும் ஓடுதுன்னு கணக்கு. அந்த நெருப்பு தணிஞ்சவங்களுக்கு ஏசி ரூம்ல காலு சில்லிடும், எல்லாரும் ஃபேன் போட்டா இவங்க போர்வை தேடுவாங்க, ராத்திரி ரெண்டு மூணு தடவை ஒண்ணுக்குப் போகும், விடியக்காலைல வயித்தால போகும், இடுப்பும் முட்டியும் கனமா வலிக்கும், நாக்கு வெளிறிப்போயி ஓரத்துல பல்லு பதிஞ்ச தடம் இருக்கும். ஆசை இவங்களுக்கு வராது, வந்தாலும் எழும்பாது.

யின்னா குளுமை, ஈரம், எண்ணெய். விளக்குல எண்ணெய் குறைஞ்சா திரி பக்குபக்குன்னு எரியும்ல, அந்த மாதிரி ஆளுங்க இவங்க. உள்ளங்கை உள்ளங்கால் எரியும், ராத்திரி தூக்கத்துல வேர்க்கும், வாய் காயும், நாக்கு செவந்து மேல படிவமே இல்லாம இருக்கும். இதுல ஒரு வேடிக்கை, இவங்களுக்கு ஆசை சில சமயம் அளவுக்கு மீறி வரும், ஆனா சட்டுனு முடிஞ்சு களைச்சுப்போவாங்க, போகப்போகத்தான் ஆசையும் வத்தும். பொம்பளைங்களுக்கு வறட்சியும் எரிச்சலும் இருக்கும், வலிக்கும், வலிக்குதேன்னே மனசு ஒதுங்கும்.

யின் குறைஞ்சவருக்கு யாங் மருந்தைக் குடுத்தா எண்ணெய் இல்லாத விளக்குல திரியை இன்னும் தூண்டி விடுற கதைதான். ரெண்டு நாள் பளிச்சுன்னு இருக்கும், "ஆஹா வேலை செய்யுது"ன்னு சந்தோஷப்படுவாரு, மூணாவது வாரம் தூக்கம் போச்சு வாய்ப்புண்ணு வந்துச்சுன்னு நிப்பாரு.

ஒரு எச்சரிக்கை, நம்ம ஊருல "சூட்டு உடம்பு"ன்னு சொல்றதும் இவங்க சொல்ற யின் குறைவும் பாக்க ஒண்ணு மாதிரி தெரியும், ஆனா ஒண்ணு இல்ல. நல்லாச் சாப்பிட்டு தண்ணியடிச்சு வர்ற சூட்டை அவங்க ஈரச்சூடுன்னு தனியா வச்சிருக்காங்க, அதுக்கு யின் ஏத்துற மருந்து குடுத்தா இன்னும் மந்தமாயிடும்.

எனக்குக் குளிரும் இல்ல எரிச்சலும் இல்ல, வயசு 34, ஜிம் போறேன், ஆனா மனசே வர மாட்டேங்குது. இது என்ன?

எனக்கு வந்த கேள்வியில பாதிக்கு மேல இதுதான். கிட்னி டானிக் விக்கிறவன் உங்ககிட்ட சொல்லாத பதிலும் இதுதான்: இது பெரும்பாலும் ஷென் விஷயமே இல்ல, கான் விஷயம், அதாவது ஈரல்.

ஈரலோட வேலை உடம்புல ச்சி, அதாவது ஓட்டம், தடையில்லாம போறதைப் பாத்துக்கிறதுன்னு சொல்றாங்க. கோவத்தை முழுங்குறது, மேனேஜர்கிட்ட பேச முடியாததை வீட்டுக்குத் தூக்கிட்டு வர்றது, மாமியார் பேசுனதை மனசுல போட்டு வச்சிக்கிறது, கடன், டெட்லைன், இதெல்லாம் சேர்ந்து அந்த ஓட்டம் முடிச்சு விழுந்து நிக்கும். விலாவுல இறுக்கம், தொண்டையில ஏதோ அடைச்ச மாதிரி, அடிக்கடி பெருமூச்சு, பொண்ணுங்களுக்கு மாதவிலக்குக்கு முன்னாடி மார்புல வலி, சின்ன விஷயத்துக்கு எரிஞ்சு விழுறது. ஈரலோட நாடிப்பாதை கால் பெருவிரல்ல ஆரம்பிச்சு தொடை உள்பக்கமா ஏறி பிறப்புறுப்பைச் சுத்திக்கிட்டுத்தான் மேல போகுதுன்னு அவங்க வரைஞ்சு வச்சிருக்காங்க, அதனால இங்க முடிச்சு விழுந்தா அங்க ஓட்டம் நிக்கும்ங்கிறது அவங்க தர்க்கம்.

இவருக்கு சத்து குறையல, அடைபட்டுக் கிடக்கு. லீவுல ஊருக்குப் போயி நாலு நாள் தூங்கி எழுந்தா ஆசை தானா வருது, திங்கக்கிழமை ஆபீஸ் போனா காணாமப் போகுதுன்னா அது குறைபாடு இல்லன்னு அதுவே சாட்சி. இவருக்கு மான் கொம்பும் ஜின்செங்கும் குடுத்தா அடைச்ச சாக்கடையில இன்னும் தண்ணி விடுற கதை, எரிச்சலும் தலைவலியும்தான் கூடும்.

இதுக்குப் பேர்போன மருந்து ஷியாவ் யாவ் சான். சோங் வம்ச காலத்து அரசாங்க மருந்தகத்தோட சூத்திர நூல்லயே இருக்கு, பேருக்கு அர்த்தம் ஏறத்தாழ "கவலையில்லாம சுத்தித் திரியிற தூள்"னு வரும், எனக்கு ரொம்பப் பிடிச்ச பேரு. அதுல இருக்கிற அதிமதுரம், இஞ்சி, புதினா எல்லாம் நம்ம வீட்டுச் சரக்கு, கூட சாய் ஹூ, தாங் குய் மாதிரி அவங்க ஊரு வேர்கள். ஆனா மருந்து பாதிதான். மேனேஜரை மாத்துறதுக்கு சீனாவுலயும் கஷாயம் இல்ல.

வேற காரணம் எதுவும் இல்லையா?

இருக்கு, சுருக்கமா சொல்றேன். ரொம்ப யோசிச்சு கவலைப்பட்டே மண்ணீரலும் இதயமும் இளைச்சவங்க ஒரு வகை, பசி இல்ல, தூக்கம் இல்ல, படபடப்பு, முகம் வெளிறிப்போயி இருக்கும், இவங்களுக்கு குய் பீ தாங்னு ஒரு கஷாயம். குடி, எண்ணெய்ப் பலகாரம், அடிவயித்துல கனம், சிறுநீர் மஞ்சளா எரிச்சலோட போறது, இதெல்லாம் மேல சொன்ன ஈரச்சூடு. அப்புறம் பயம். முதல் ராத்திரி சொதப்பிட்டோம்னு பயந்து அதுக்கப்புறம் ஒவ்வொரு தடவையும் பயந்தே சொதப்புறது, "பயம் ஷென்னைத் தாக்கும்"னு அவங்க சொல்றதும் நம்ம ஊரு மனநல டாக்டர் சொல்றதும் இந்த இடத்துல கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

நாடி பாத்தே கண்டுபிடிச்சுடுவாங்களா? நம்ம சித்த வைத்தியம் மாதிரியா?

விரல் வைக்கிற விதம் அதே மாதிரிதான், மணிக்கட்டுல மூணு விரல். நம்மாளுங்க அந்த மூணுல வாதம் பித்தம் கபம் பாப்பாங்க. அவங்க மூணு இடத்துக்கும் சுன், குவான், ச்சின்னு பேரு வச்சு ஒவ்வொண்ணுலயும் ஒவ்வொரு உறுப்பைப் பாக்குறாங்க, ரெண்டு கையிலயும். முழங்கைப் பக்கமா இருக்கிற ச்சி இடத்துலதான் (மேல சொன்ன ஓட்டம்ங்கிற ச்சி வேற, இது இடத்தோட பேரு) ஷென் தெரியுமாம், இடது கையில யின், வலது கையில யாங்னு சொல்லுவாங்க. போகர் சீனாவுக்குப் போனாரு வந்தாருன்னு நம்ம பக்கம் கதை நிறைய இருக்கு, அதை வச்சு ரெண்டும் ஒண்ணுன்னு ஒரு கூட்டம் சொல்லும், ஆனா கணக்கு வேற வேற.

நாடி மட்டும் இல்ல, நாக்கு பாப்பாங்க, கேள்வி கேப்பாங்க, அந்தக் கேள்விதான் முக்கியம்னு என் அனுபவம். நாடியைத் தொட்டதும் மத்தது எதுவும் கேக்காம "உனக்கு கிட்னி வீக், இந்த பேக்கேஜ் 800 வெள்ளி"ன்னு ஒருத்தர் என்கிட்ட ஆரம்பிச்சாரு, நன்றி சொல்லிட்டு எந்திரிச்சு வந்துட்டேன்.

குழந்தை பொறந்து எட்டு மாசம் ஆச்சு, வீட்டுக்காரர் பக்கத்துல வந்தாலே எரிச்சலா வருது, எனக்கு என்னமோ ஆயிடுச்சா?

உங்களுக்கு ஒண்ணும் ஆகலம்மா. பால் குடுக்குறப்போ ஈஸ்ட்ரோஜன் இறங்கியிருக்கும், புரோலாக்டின் ஏறியிருக்கும், ஆசை குறையிறதும் வறட்சியும் சாதாரணம், அதுக்கு மேல தூக்கம் கிடையாது. சீன மருத்துவம் இதையே பிரசவத்துல ரத்தமும் ச்சியும் போயிடுச்சுன்னு சொல்லும். அவங்களும் நம்ம பத்தியம் மாதிரியே ஒரு மாசம் வீட்டுக்குள்ள வச்சு இஞ்சி, எள்ளெண்ணெய், கோழி சூப்னு குடுப்பாங்க, அதுக்கு "மாசம் உக்காருறது"ன்னு பேரு. அதுக்கப்புறம் ரத்தம் ஊற தாங் குய் சேர்ந்த ஸு வூ தாங் மாதிரி கஷாயம் குடுக்கிறது வழக்கம், ஆனா பால் குடுக்கிற அம்மா எந்த மூலிகையையும் கேக்காம தொடக் கூடாது. அழுகையா வருது, குழந்தையைப் பாத்தாலே வெறுமையா இருக்குன்னா அதை மூலிகையில தேடாதீங்க, டாக்டர்கிட்ட உடனே போங்க.

மாதவிலக்கு நிக்கிற வயசுக்காரங்களுக்கு எர் ஷியான் தாங்னு ஒண்ணு இருக்கு. இது பழங்காலத்து மருந்து இல்ல, 1950கள்ல ஷாங்காய் ஷுகுவாங் மருத்துவமனையில உருவாக்குனது. பேருக்கு "ரெண்டு சித்தர் கஷாயம்"னு அர்த்தம் சொல்லலாம், அந்த ரெண்டு பேருல ஒருத்தர் ஷியான் மாவ். அது என்னன்னு தேடிப் பாத்தப்போ எனக்கு சிரிப்பு வந்துடுச்சு, நம்ம நிலப்பனைக் கிழங்குதான்! சித்த வைத்தியத்துல தாதுவிருத்திக்குக் குடுக்குற அதே கிழங்கு. ஆனா நிலப்பனையை அவங்க நச்சு உள்ளதுன்னுதான் எழுதி வச்சிருக்காங்க, நிறைய நாள் தொடர்ந்து குடுக்க மாட்டாங்க.

அப்ப நம்ம மூலிகையும் அவங்க மூலிகையும் ஒண்ணுதானே, நெருஞ்சில் பொடி சாப்பிட்டா போதாதா?

அங்கதான் சிக்கல். நெருஞ்சில் அவங்ககிட்டயும் இருக்கு, பாய் ஜீ லீன்னு பேரு. ஆனா அதை அவங்க தலைவலி, கண்ணு செவக்குறது, தோல் அரிப்புக்குத்தான் அதிகமா குடுப்பாங்க, ஈரல் கணக்கு. நம்ம ஆளுங்க நீர்க்கடுப்புக்கும் ஆண்மைக்கும் குடுக்குறோம். செடி ஒண்ணு, கண்ணோட்டம் வேற, அதனால ஒரு முறையில இருக்கிற மூலிகையை உருவி இன்னொரு முறையோட காரணத்துக்குச் சாப்பிடாதீங்க. இன்னொண்ணு, தொங்காட் அலி காப்பி சீன மருந்து இல்ல, அது மலாய்க்காரங்க மருந்து, கடை ஒரே கடைங்கிறதால எல்லாரும் குழப்பிக்கிறாங்க.

அந்த ஆட்டு மூலிகை உண்மையிலேயே வேலை செய்யுமா?

யின் யாங் ஹுவோதான் அது, இங்க யாங்னா ஆடு, மேல சொன்ன யாங் இல்ல. ஒரு இலையைத் தின்ன ஆட்டுக்கடா ஒரு நாளைக்கு நூறு தடவை சேர்ந்துச்சாம், மேய்க்கிறவன் பாத்தானாம், அதை தாவோ ஹோங்ஜிங்னு 5-6ஆம் நூற்றாண்டு வைத்தியர் எழுதி வச்சாரு, அதுல இருந்து இந்தப் பேரு. இதுல ஐகாரின்னு ஒரு பொருள் இருக்கு, சோதனைக் குழாயில வயாகரா தடுக்குற அதே என்சைமை இதுவும் தடுக்குது, ஆனா ரொம்ப பலவீனமா. மனுஷங்க மேல உறுதியா நிரூபணம் ஆகல. ஆடு கதை என்னமோ சூப்பர் மார்க்கெட்டிங்.

சின்சே இதை யாங் குறைஞ்சவருக்கு மட்டும்தான், வேற நாலு மூலிகையோட சேர்த்துத்தான் குடுப்பாரு. தனியா கேப்சூல்ல அடைச்சு விக்கிறது அமெரிக்கா சப்ளிமெண்ட் கடைக்காரன் வேலை.

லியூ வெய் தி ஹுவாங் வான் எல்லாக் கடையிலயும் கிடைக்குதே, வாங்கி சாப்பிடலாமா?

இந்த மாத்திரையோட கதை தெரிஞ்சா நீங்களே முடிவு பண்ணிக்குவீங்க. ஹான் வம்சக் கடைசியில ஜாங் ஜோங்ஜிங்னு ஒரு பெரிய வைத்தியர் ஷென் ச்சி வான்னு எட்டுச் சரக்கு உருண்டை ஒண்ணு எழுதி வச்சாரு. ஏறத்தாழ 900 வருஷம் கழிச்சு, சோங் வம்சத்துல, ச்சியான் யீங்கிற குழந்தை வைத்தியர் அதுல இருந்து சூடான ரெண்டு சரக்கை, அதாவது லவங்கப்பட்டை வகையையும் ஃபூ சூங்கிற வேரையும் எடுத்துட்டாரு, ஏன்னா குழந்தைங்களுக்கு அவ்வளவு சூடு ஆகாது. அதான் இந்த ஆறு சரக்கு மாத்திரை. வளர்ச்சி பிந்துன, உச்சிக்குழி மூடாத குழந்தைங்களுக்குக் குடுத்த மருந்து, 1119ல வந்த அவரோட நூல்ல இருக்கு. இப்ப அதை வாங்கிட்டுப் போறது நாப்பது வயசு ஆம்பளைங்க.

தப்புன்னு சொல்லல, யின் குறைஞ்சவங்களுக்கு அது நல்ல மருந்துன்னுதான் சொல்றாங்க. ஆனா இது யாங் மருந்து இல்ல. காலு சில்லிடுறவரு இதைச் சாப்பிட்டா வயிறு மந்தமாகி இன்னும் குளிரும். யாங்குக்கு மிங் காலத்து ஜாங் ஜிங்யுவே எழுதுன யோ குய் வான் மாதிரி வேற இருக்கு, அதுல ஃபூ சூ இருக்கு, ஃபூ சூன்னா நாபிங்கிற விஷக்கிழங்கு வகை, சரியா பதப்படுத்தலன்னா இதயத் துடிப்பையே தாறுமாறாக்குற விஷம். சொந்தமா கை வைக்கிற சமாச்சாரம் இல்ல.

விந்து விட்டா சத்து போயிடும்னு சீனாக்காரங்களும் சொல்றாங்களாமே?

சொல்லியிருக்காங்க. தாங் வம்சத்து வைத்தியர் சுன் சிமியாவ் அட்டவணையே போட்டுட்டாரு: 20 வயசுல 4 நாளைக்கு ஒரு தடவை, 30ல 8 நாள், 40ல 16 நாள், 50ல 20 நாள், 60க்கு மேல அடக்கிக்கோன்னு. ஆனா அதே ஆளு சேர்க்கையே வேண்டாம்னும் சொல்லல, அடியோட நிறுத்துனா மனசு கலங்கி ஆயுசு குறையும்னும் எழுதியிருக்காரு. அதுக்கும் முன்னாடி, ஹூனான்ல மாவாங்துயிங்கிற இடத்துல 1973ல தோண்டுன கல்லறையில, அது கி.மு. 168ல மூடுனது, படுக்கையறைக் கலையைப் பத்தியே தனி ஏடுங்க கிடைச்சுச்சு. பொண்ணோட சுகத்தைப் படிப்படியா எப்படிக் கவனிக்கணும்னு அதுல இருக்கு, அவசரப்படாதேங்கிறதுதான் அதோட சாராம்சம்னு சொல்லலாம்.

ஆனா காலப்போக்குல ஜனங்க மனசுல தங்குனது பயம் மட்டும்தான். "ஷென் குய்"னு அங்க இளவட்டங்க பயப்படுவாங்க, சொப்பன ஸ்கலிதம் ஆச்சு, கைப்பழக்கம் இருந்துச்சு, அதனால இடுப்பு வலி, மறதி, ஆண்மை போச்சுன்னு. நம்ம ஊருல இதுக்குப் பேரு நரம்புத் தளர்ச்சி, அதை வச்சுத்தான் பஸ் ஸ்டாண்ட் சுவத்துல போஸ்டர் ஒட்டுற லாட்ஜ் வைத்தியருங்க பொழைக்கிறாங்க. இந்தியாவுல இதை தாது நோய்க்குறின்னும் சீனாவுல ஷென் குய்னும் மனநல மருத்துவ நூல்ல பக்கம் பக்கமாவே வச்சிருக்காங்க. சிங்கப்பூர்லயே 1967ல ஒரு கூத்து நடந்துச்சு, தடுப்பூசி போட்ட பன்னிக் கறியைத் தின்னா குறி உள்ள இழுத்துக்கும்னு வதந்தி கிளம்பி, நூத்துக்கணக்குல ஆம்பளைங்க பிடிச்சுக்கிட்டே ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தாங்க. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. விந்து உடம்புல தினம் ஊறிக்கிட்டேதான் இருக்கு, வெளிய போறதால ஆசையோ பலமோ குறையாதுன்னு இன்னைக்குத் தெளிவாத் தெரியும். ஆனா அந்தப் பயத்துக்கு ஆசையைக் கொல்ற பலம் நிச்சயமா இருக்கு.

சாப்பாட்டுல என்ன சேத்துக்கலாம்?

யாங் பக்கம் குறைஞ்சவங்களுக்கு ஆட்டுக்கறி, வால்நட், இறால், குச்சாய் (பூண்டு வாசம் அடிக்கிற சீனக் கீரை). குச்சாய்க்கு சீனத்துல "யாங்கை எழுப்புற கீரை"ன்னே செல்லப்பேரு இருக்கு. யின் பக்கம் குறைஞ்சவங்களுக்கு கருப்பு எள்ளு, கோஜி பழம், வள்ளிக்கிழங்கு வகையில வர்ற சீனக் கிழங்கு ஷான் யாவ். முடிச்சு விழுந்தவங்களுக்கு ஆரஞ்சுத் தோலு டீ, ரோஜா மொட்டு டீ. இதெல்லாம் சாப்பாடு, மந்திரம் இல்ல.

மான் கொம்பு, கடல் குதிரை?

மான் கொம்பு, அதாவது முத்தாத இளங்கொம்பு, யாங் வகையிலேயே ரொம்பச் சூடான சரக்கு, பண்ணையில வளர்க்குறாங்க. கடல் குதிரையைத் தொடாதீங்க. இந்தியாவுல 2001ல இருந்து அது பாதுகாக்கப்பட்ட உயிரி, பாக் நீரிணையிலயும் மன்னார் வளைகுடாவுலயும் வலையில மாட்டுறதைக் காயவச்சு கடத்துறப்போ ராமநாதபுரம் தூத்துக்குடிப் பக்கம் ஆளுங்க பிடிபட்டுக்கிட்டே இருக்காங்க, போய்ச் சேர்றது இந்த மாதிரி மருந்துச் சந்தைக்குத்தான். கடல் அட்டையும் அதே கதை, சீனத்துல அதுக்குப் பேரே "கடல் ஜின்செங்". காண்டாமிருகக் கொம்பு ஆண்மைக்குன்னு நினைக்கிறது வெளியாளுங்க கட்டுன கதை, பழைய நூல்ல அது காய்ச்சலுக்கு. அதையும் புலி எலும்பையும் 1993லயே சீனா தடை பண்ணிடுச்சு.

வீட்டுலயே அழுத்துற மாதிரி புள்ளி எதாவது?

மூணு சொல்றேன். தொப்புளுக்கு நாலு விரல்கடை கீழ குவான் யுவான், அதுல சூடான ஒத்தடம் குளிர்ந்த உடம்புக்கு நல்லா இருக்கும். உள் கணுக்காலுக்கும் குதிகால் நரம்புக்கும் நடுவுல பள்ளமா தாய் ஷி, அது ஷென் புள்ளி. கால் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவுல மேல ஏறுனா தாய் ச்சோங், அது ஈரல் புள்ளி, டென்ஷன் பார்ட்டிங்களுக்கு அழுத்துனா வலி உயிர் போகும். ஒவ்வொண்ணும் ரெண்டு நிமிஷம். மாசமா இருக்கிறவங்க கேட்டுட்டுத்தான் செய்யணும். இதை ஒருத்தருக்கொருத்தர் அழுத்தி விட்டா பலன் அதிகம்னு நான் சொல்வேன், அதுக்குக் காரணம் புள்ளி மட்டும் இல்லன்னு உங்களுக்கே தெரியும்.

ஆராய்ச்சி என்ன சொல்லுது, நேர்மையா சொல்லுங்க.

நேர்மையா சொன்னா பலவீனம். ஜின்செங் பத்தி 2021ல வந்த காக்ரேன் அலசல் (பல ஆய்வைச் சேர்த்து வச்சு அலசுற அமைப்பு அது), எழுச்சிக் கோளாறுக்கு அது பெருசா ஒண்ணும் பண்ணலன்னுதான் முடிச்சுச்சு. ஊசி குத்துறதுக்கும் தரமான ஆதாரம் பத்தாது. மூலிகைக் கலவைங்க மேல சீனாவுல ஆய்வு நிறைய இருக்கு, ஆனா பல ஆய்வு சின்னது, ஒப்பிட்டுப் பாக்குற விதம் சரியில்ல. அப்ப ஏன் இவ்வளவு எழுதுறேன்னு கேப்பீங்க. இந்த முறை கேக்குற கேள்வி எனக்குப் பிடிக்கும். தூக்கம், கோவம், கைகால் சூடு, வயிறு, கூட இருக்கிறவரோட உறவு எல்லாத்தையும் ஒரே உக்காருல கேக்குது. அஞ்சு நிமிஷத்துல மாத்திரை எழுதி அனுப்புற கிளினிக்ல அது நடக்குறதில்ல.

முதல்ல இங்கிலீஷ் டாக்டரா, சின்சேயா?

முதல்ல ரத்தப் பரிசோதனை. சுகர், தைராய்டு, புரோலாக்டின், ஆம்பளைன்னா காலைல எடுக்குற டெஸ்டோஸ்டிரோன், பொம்பளைன்னா ஹீமோகுளோபினும் சேர்த்து. நீங்க போடுற மாத்திரையைப் பாருங்க, மனச்சோர்வுக்குக் குடுக்குற எஸ்எஸ்ஆர்ஐ வகை ஆசையைக் குறைக்கிறது ரொம்ப சகஜம், சில பிரஷர் மாத்திரையும் அப்படித்தான். டாக்டரைக் கேக்காம நிறுத்திடாதீங்க, மாத்திக் குடுக்க வழி இருக்கு. எழுச்சி திடீர்னு குறைஞ்சுச்சுன்னா இதயத்தையும் பாருங்க, அங்க இருக்கிற ரத்தக்குழாய் மெல்லிசு, அடைப்போட முதல் தகவல் சில சமயம் அங்க இருந்துதான் வரும். குறட்டைக்காரங்க தூக்கத்தையும் சோதிக்கணும். 2011ல அமெரிக்காவுல ஆரோக்கியமான இளவட்டங்களை ஒரு வாரம் 5 மணி நேரம் மட்டும் தூங்க விட்டுப் பாத்தாங்க, பகல் நேர டெஸ்டோஸ்டிரோன் 10ல இருந்து 15 சதவீதம் இறங்கிடுச்சு. ஜிங் ராத்திரியிலதான் சேரும்னு சின்சே சொன்னதைக் கேட்டு நான் சிரிச்சிருக்கேன், இதைப் படிச்சப்புறம் சிரிக்கல.

ஆபத்து எதாவது உண்டா? மூலிகைதானே.

"மூலிகைதானே"ங்கிற வார்த்தைதான் ஆபத்து. லோங் தான் ஷியே கான் வான்னு ஈரச்சூட்டுக்கு ஒரு மாத்திரை, அதுல ஒரு சரக்குக்குப் பதிலா பல வருஷமா குவான் மூ தோங்னு வேற கொடியைப் போட்டாங்க, அதுல இருந்த அரிஸ்டோலோக்கிக் அமிலத்தால நிஜமான கிட்னியே போச்சு, சீனா 2003ல அந்தக் கொடியைத் தடை பண்ணுச்சு. ஹெ ஷோ வூங்கிற வேர் ஈரலைப் பாதிக்கும். தாங் குய்யும் ஜின்செங்கும் ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் மாத்திரை போடுறவங்களுக்கு ஒத்துக்காது, அதிமதுரம் பிரஷரை ஏத்தும்.

அதை விட மோசம் "மூலிகை"ன்னு பேரு போட்ட கள்ள மாத்திரை. 2008ல சிங்கப்பூர்ல சுகர் வியாதியே இல்லாத 150 பேரு, ஒருத்தர் தவிர எல்லாரும் ஆம்பளைங்க, ரத்தத்துல சுகர் பாதாளத்துக்கு இறங்கி ஆஸ்பத்திரியில சேர்ந்தாங்க. தோண்டிப் பாத்தா கள்ளத்தனமா வித்த ஆண்மை மாத்திரையில கிளிபென்கிளமைடு கலந்திருக்கு, சுகர் வியாதி மாத்திரை. 4 பேரு செத்துப்போனாங்க. ரோட்டோரத்துல, டெலிகிராம்ல, "அரை மணி நேரத்துல பலன்"னு எவனாவது வித்தா அது சீன மருத்துவமே இல்ல. எந்தக் கஷாயமும் அரை மணி நேரத்துல வேலை செய்யாது, செஞ்சா உள்ள வயாகராவோ வேற எதுவோ கலந்திருக்கு, அதோட நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை போடுறவரு அதைச் சாப்பிட்டா உயிருக்கே ஆபத்து.

எவ்வளவு நாள் ஆகும்?

அடைப்பு வகைன்னா சில வாரத்துலயே தெரியும்னு சொல்லுவாங்க, குறைவு வகைக்கு மூணு மாசம் கேப்பாங்க. மூணு மாசத்துல தூக்கமும் சூடும்கூட மாறலன்னா ஆளை மாத்துங்க, இல்ல வழியை மாத்துங்க.

சரி, சின்சேகிட்ட போறேன். போறப்போ என்ன பண்ணணும்?

சிங்கப்பூர்ல 2000ல வந்த சட்டப்படி பதிவு பண்ணவங்கதான் வைத்தியம் பாக்கணும், சுவத்துல சான்றிதழ் இருக்கான்னு பாருங்க. காசு பிரச்சினைன்னா தோங் ச்சாய் மாதிரி தர்ம வைத்தியசாலை இருக்கு, 1867ல இருந்து இனம் பாக்காம இலவசமா பாக்குறாங்க, நம்ம ஆளுங்க நிறைய பேருக்கு இது தெரியாது. போடுற மாத்திரையெல்லாம் போட்டோ எடுத்துட்டுப் போங்க, ரத்த ரிசல்ட்டையும். அன்னைக்குக் காலைல நாக்கு வழிக்காதீங்க, காப்பி குடிக்காதீங்க, நிறம் மாறிடும். முக்கியமா, இடுப்பு வலின்னு பொய் சொல்லிட்டுப் போய் உக்காராதீங்க, நாடியைப் பிடிச்சதும் அவங்களே அந்தக் கேள்வியைக் கேட்டுடுவாங்க, அப்ப உங்க மூஞ்சியும் என் மூஞ்சி மாதிரிதான் ஆகும்.